படகின் உலோகச் சாமான்களில் பூச்சு நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மொரிஷியஸின் கிழக்குக் கரையில் த்ரூ தோ தூஸ் பக்கம் எனக்கு வேலை. எதிரே இல்-ஓ-செர்ஃப் தீவு. பயணிகளை அங்கே ஏற்றிப்போகும் படகுகளின் உலோகச் சாமான்களைக் கழற்றுவது, தேய்ப்பது, பூச்சுக் கொடுப்பது, திரும்ப மாட்டுவது என்றே நாள் போகிறது. தென்கிழக்குக் காற்று நேராக முகத்தில் அடிக்கும் கரை இது. மே முதல் அக்டோபர் வரை இன்னும் பலமாக அடிக்கும். மேடேற்றி வைத்த படகின் மேல்கூட ஒரே வாரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து படகுப் பட்டறை வேலைக்கு வந்த தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, எந்தப் பெயின்ட் அடித்தால் ரொம்ப நாள் நிற்கும்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "பழையது எப்படிப் போச்சு?" தோலாக உரிந்ததா, கொப்புளம் விட்டதா, கறை வடிந்ததா, பொடியாக உதிர்ந்ததா? பழைய பூச்சு போன விதம் தெரிந்தால் அடுத்து எதைப் பூசலாம், பூச வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும். அது தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்து டப்பா வாங்கினாலும் அடுத்த புயல் பருவத்துக்குள் அதே இடத்தில் அதே பிழை வந்து நிற்கும். அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் படகில் தெரிகிற அறிகுறியை மட்டும் படித்தால் போதும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

நல்ல தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிட்டுப் பாருங்கள். அரிப்பு என்று பதறிப்போய்க் கொண்டுவரும் பல சாமான்களில் இருந்தது வெறும் உப்புப் படிவு.

அடுத்து ஒரு காந்தம் எடுங்கள். பலமாக இழுத்தால் அது சாதா இரும்பு, அல்லது கால்வனைஸ் செய்த இரும்பு, அதாவது மேலே துத்தநாகம் ஏற்றிய இரும்பு. லேசாக இழுத்தால் வளைத்தோ அடித்தோ செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கலாம். இங்கே எல்லாரும் அதை இனாக்ஸ் என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே எழுதுகிறேன். இழுக்கவே இல்லையென்றால் இனாக்ஸ், அலுமினியம், பித்தளை, வெண்கலம் இவற்றில் ஒன்று. ஆனால் இனாக்ஸில் 304 ரகமா, 316 ரகமா என்று காந்தம் சொல்லாது. கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி "பாருங்கள், ஒட்டவில்லை, 316தான்" என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள். 304-உம் ஒட்டாது.

மூன்றாவதாக, கெட்டுப்போன சாமானைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அதைத் தொட்டுக்கொண்டிருப்பது என்ன உலோகம் என்று பாருங்கள். திருகு, வாஷர், ரிவெட் எல்லாம் கணக்கில் சேரும்.

## அறிகுறி 1: இனாக்ஸில் பழுப்புக் கறை

இதுதான் எனக்கு அதிகம் வருவது. கறை எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### கறை குழாய் முழுக்க மெல்லிசாகப் பரவியிருந்தால்

தேநீர் சிந்திக் காய்ந்தது போல இருக்கும். பலத்தை ஒன்றும் குறைக்காது, அழகுதான் கெடும்.

சுலபமான காரணம் கழுவாமல் விட்டது. அதற்கடுத்தது சொரசொரப்பான மேற்பரப்பு. கண்ணாடி போல பாலிஷ் செய்த குழாயில் உப்பு தங்க இடமில்லை. நேர்கோடாகக் கீறல் விழுந்த பிரஷ் ஃபினிஷ் குழாயில் ஒவ்வொரு கீறலிலும் உப்பு உட்கார்ந்துகொள்ளும். வீட்டு மாடிப்படிக்குப் பிரஷ் ஃபினிஷ் பொருந்தும், படகுக்கு வாங்காதீர்கள். மூன்றாவது, செலவு வைக்கும் காரணம்: வாங்கியது 304. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கும். உப்பைத் தாங்குவது அதனால்தான். சந்தேகம் இருந்தால் மாலிப்டினம் பார்க்கும் சொட்டு மருந்துக் கிட் கிடைக்கிறது. ஒரு துளி விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும்.

நீக்குவதற்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கிளீனர் போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கறை போனபின் எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கரைத்து, துணியில் நனைத்துச் சுற்றி, அரைமணி நேரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்களை அது கரைத்து எடுத்துவிடும். இனாக்ஸ் தன் மெல்லிய குரோமியத் தோலைக் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனைக் கொண்டு தானாகவே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

செய்யக் கூடாதவை இரண்டு. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார், இரும்புக் கம்பி பிரஷ் இரண்டையும் கிட்டே கொண்டுவராதீர்கள். அவை விட்டுப்போகும் துகள்களே அடுத்த மாதம் துருவாகும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் பிளீச்சும் கூடவே கூடாது, இரண்டிலும் குளோரின் இருக்கிறது. இனாக்ஸுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

"கறை வராமல் இருக்க மேலே கிளியர் லேக்கர் அடிக்கலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். இனாக்ஸுக்குக் காற்று வேண்டும். லேக்கர் ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தால் அதனடியில் உப்புத் தண்ணீர் புகுந்து நிற்கும், காற்று புகாது. வெறும் கறையாக இருந்தது அப்புறம் குழியாக மாறும். நல்ல பாலிஷும், மாதம் ஒருமுறை மெழுகும், ஒவ்வொரு பயணத்துக்கும் பின் நல்ல தண்ணீரும் போதும்.

### கறை வெல்டிங் ஓரத்தில் மட்டும் இருந்தால்

வெல்டிங் சூட்டில் நீலமும் தங்கநிறமுமாக ஒரு பட்டை விழும். அந்த இடத்தில் குரோமியத் தோல் கெட்டுப்போயிருக்கும். பட்டையை எடுக்காமல் விட்டதுதான் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படகுக்கு நிழல்கூரைச் சட்டம் செய்யக் கொடுத்தேன். வந்தபோது வெள்ளி போல மின்னியது. இரண்டு மாதத்தில் ஒவ்வொரு மூட்டிலும் மோதிரம் போட்டது போலத் துரு. விசாரித்தால், கேட் செய்யும் பட்டறையில் இரும்புக்கு வைத்திருந்த அதே கிரைண்டிங் கல்லால் இதையும் தேய்த்திருக்கிறார்கள். எந்தக் கல், எந்த பிரஷ் என்று நான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்காமல் கொடுப்பதில்லை.

சின்ன மூட்டு என்றால் இனாக்ஸுக்கென்றே வைத்த புது ஃபிளாப் டிஸ்க்கால் பட்டை போகும்வரை தேய்த்து, படிப்படியாக நைஸ் உப்புத்தாளுக்குப் போய், பாலிஷ் போட்டு, மேலே சொன்ன சிட்ரிக் அமிலத்தை வைக்கலாம். சிட்ரிக் மட்டும் வைத்தால் பட்டை போகாது, தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

சட்டம் முழுக்க இப்படி இருந்தால் பட்டறைக்குக் கொடுங்கள். பட்டையைக் கரைத்து எடுக்க அவர்கள் போடும் பிக்ளிங் பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்ட உடனே வலிக்காது, ஆனால் எலும்பு வரை போகும். வீட்டில் வைத்துச் செய்யவே செய்யாதீர்கள். எலெக்ட்ரோ பாலிஷ், அதாவது கரைசலில் முக்கி மின்சாரம் விட்டுப் பாலிஷ் செய்யும் வசதி கிடைத்தால் அதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. படகு இனாக்ஸுக்கு நான் பார்த்தவற்றில் நீண்ட நாள் நிற்கும் ஃபினிஷ் அதுதான்.

### கறை அடித்தட்டுக்குக் கீழிருந்து, போல்ட் ஓரத்திலிருந்து கண்ணீர் போல வடிந்தால்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும். துடைத்தால் போய்விடும், ஒரு வாரத்தில் அதே இடத்திலிருந்து திரும்ப வடியும். உள்ளே இடுக்கில் தேங்கிய தண்ணீரில் காற்று தீர்ந்துபோய் உலோகம் மறைவாக அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதை எந்தப் பூச்சும் நிறுத்தாது.

கைப்பிடிக் கம்பியின் அடித்தட்டு, கயிறு கட்டும் கிளீட், கீல் போன்றவை என்றால் நீங்களே பார்க்கலாம். போல்ட்டைக் கழற்றி வெளியே எடுங்கள். தளத்துக்குள் மறைந்திருந்த நடுப்பகுதியில் கருமையோ, குழியோ, இடுப்பு ஒடுங்கியது போன்ற தேய்வோ இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புது 316 போல்ட் போடுங்கள். சுத்தமாக இருந்தால் பழைய சீலன்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்து, துளையின் வாயைச் சற்றுச் சரிவாக அகலப்படுத்தி, புது சீலன்ட் நிரப்பி மாட்டுங்கள். துளைக்குள் ஈர மரம் தெரிந்தால் அது வேறு வேலை. முதலில் அதைக் காயவைத்து எபாக்சி நிரப்ப வேண்டும்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை உடம்போடு பிணைக்கும் பட்டைத் தகடுகளில் இந்தக் கண்ணீர் வந்தால் அன்றைக்கே பாய் ஏற்றுவதை நிறுத்துங்கள். தகட்டைக் கழற்றி, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி ஸ்ப்ரே அடித்தால், விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும். தலைமயிர் அளவு கோடு தெரிந்தாலும் அந்தத் தகட்டில் வெல்டிங் வைத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள். கழற்ற முடியாத இடத்தில் இருந்தாலோ, பாய்மரத்தை இறக்க வேண்டியிருந்தாலோ ரிக்கிங் வேலை, அதாவது பாய்மரக் கம்பி வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பயணிகள் ஏறும் படகு என்றால் சாயம் அடிப்பதற்கு முன்பே கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: கால்வனைஸ் இரும்பின் மேல் அடித்த பெயின்ட் தோலாக உரிகிறது

நகத்தால் தூக்கினால் வாழைப்பட்டை போல நீளமாக வரும். அடியில் துரு இருக்காது, சாம்பல் நிற கால்வனைஸ் சுத்தமாகத் தெரியும். பெயின்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள்.

முதலாவது, அடித்தது சாதா எண்ணெய் எனாமலா? கதவு ஜன்னலுக்கு அடிக்கிறோமே, அதே எனாமலை நேராகத் துத்தநாகத்தின் மேல் அடித்தால், எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்பு மாதிரி ஆகிவிடும். முதல் சில மாதம் ஒட்டியிருக்கும், பிறகு மொத்தமாகக் கழலும். உரிந்த தோலின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று, சற்றே பிசுபிசுப்பாக இருந்தால் இதுதான் காரணம்.

இரண்டாவது, புது கால்வனைஸின் வழவழப்பு. உருக்கிய துத்தநாகத் தொட்டியிலிருந்து எடுத்தவுடன் அதன் மேல் வெண்துரு வராமல் இருக்க ஒரு பாதுகாப்புக் கரைசல் போட்டிருப்பார்கள். அதன்மேல் எதுவும் பிடிக்காது.

வேலை இப்படி: பழையதை முழுக்க எடுங்கள். பாதி எடுத்துப் பாதி விட்டால் விட்ட பாதி புதியதையும் இழுத்துக்கொண்டு வரும். அம்மோனியா கலந்த சோப்புநீர் தொட்டு நைலான் நார்ப் பஞ்சால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேலே ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவி நின்றால் சரி. 120 எண் உப்புத்தாளால் லேசாகக் கீறுங்கள், துத்தநாகத்தைத் தேய்த்தே எடுத்துவிடாதீர்கள். பிறகு கால்வனைஸுக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் இருகலவை எபாக்சி பிரைமர், அதன் மேல் பாலியூரிதேன். எபாக்சியை மட்டும் அடித்துவிட்டு விட்டால் நம் வெயிலில் மாவாகப் பூத்துவிடும், மேல்பூச்சு கட்டாயம்.

இருகலவைப் பாலியூரிதேனை பிரஷால், ரோலரால் நீங்களே அடிக்கலாம். ஸ்ப்ரே செய்ய வேண்டுமென்றால் சுத்தமான காற்று தனியாக வரும் முகமூடி வைத்திருப்பவரிடம் விடுங்கள். அதன் ஐசோசயனேட் ஆவி நுரையீரலில் ஆஸ்துமாவைக் கொண்டுவந்து வைத்துவிடும், சாதாரணத் தூசு முகமூடி அதைத் தடுக்காது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே காலையில் உலோகத்தின் மேல் பனி இருக்கும். மதியத்துக்கு மேல் காற்று உப்பை ஏற்றிக்கொண்டு வரும். காய்ந்தபின், காற்று ஏறுவதற்கு முன், நடுவில் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் நான் அடிப்பேன். உலோகத்தின் சூடு பனி விழும் அளவைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது கணக்கு. முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் நடுவில் இரவு ஒன்று போனால் மறுபடி நல்ல தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, பிறகுதான் இரண்டாவது கோட்.

## அறிகுறி 3: கால்வனைஸே கெட்டுப்போகிறது

வெள்ளை மாவு போல இருந்தால்: சாமான்களை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது. நைலான் பிரஷால் தேய்த்து, காற்றுப்படக் காயவிடுங்கள். அடியில் சாம்பல் நிறம் இருந்தால் பயமில்லை.

ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் செந்துரு என்றால்: அறுத்த முனை, துளை போட்ட இடம், வெல்டிங் வைத்த இடம், கல்லில் உரசிய இடம். துருவை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எடுத்து, துத்தநாகம் அதிகம் கலந்த பெயின்ட்டை இரண்டு மூன்று கை அடியுங்கள். காய்ந்த படலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் துத்தநாகம் இருக்கிறதா என்று டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளி நிறமாக இருப்பதெல்லாம் துத்தநாகம் ஆகாது, அலுமினியப் பொடி கலந்த அலங்காரப் பெயின்ட்டும் அதே நிறத்தில்தான் இருக்கும். துருவின் மேலோ பழைய பெயின்ட்டின் மேலோ இதை அடித்துப் பயன் இல்லை. வெறும் இரும்பைத் தொட்டால்தான் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும்.

போல்ட்டும் நட்டும் மட்டும் துரு, சட்டம் நன்றாக இருந்தால்: போல்ட் வெறும் மின்முலாம் போட்டது. மின்முலாம் பொதுவாக 5 முதல் 12 மைக்ரான். உருக்கிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்தது 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான தகட்டில் சராசரி 85 மைக்ரானாவது நிற்கும். எங்கள் கரை மாதிரி இடத்தில் துத்தநாகம் ஆண்டுக்குச் சில மைக்ரான் கரையும் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பளபளப்பாக, லேசான மஞ்சளோ நீலமோ ஓடினால் மின்முலாம். மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் தொட்டியில் முக்கியது. அழகானதைத் தேடாதீர்கள், அழுக்குச் சாம்பலாக இருப்பதை வாங்குங்கள். தொட்டியில் முக்கி எடுத்த போல்ட்டுக்கு அதற்கென்றே மரை அகலமாக வெட்டிய நட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும், சாதா நட் ஏறாது.

நங்கூரச் சங்கிலி முழுக்கச் சிவந்துவிட்டால்: இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் வளைவில் கம்பியின் தடிமனை அளந்து பாருங்கள். முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் சங்கிலியை மாற்றுங்கள். தேயவில்லையென்றால் திரும்பக் கால்வனைஸ் செய்யக் கொடுக்கலாம். உயர் இழுவிசைச் சங்கிலி என்றால் கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், 450 டிகிரித் தொட்டியின் சூடு அதன் பலத்தைக் குறைக்கக்கூடும். சங்கிலிக்குப் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். முதல் நங்கூரத்திலேயே மணல் அதை உரித்துவிடும்.

## அறிகுறி 4: அலுமினியத்தில் பெயின்ட் கொப்புளம் விடுகிறது, வெள்ளைப் பொடி வருகிறது

கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். வெள்ளைப் பொடி வந்தால் அலுமினியம் அரிகிறது. அடுத்துக் கொப்புளம் எங்கெங்கே என்று பாருங்கள்.

ஒவ்வொரு திருகையும் சுற்றி வட்டமாக இருந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். இனாக்ஸ் திருகு அலுமினியத்தில் நேராக இறங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீர் இரண்டையும் நனைத்தால் அலுமினியம்தான் தேயும், இனாக்ஸ் அப்படியே இருக்கும். பெயின்ட்டை மட்டும் சரிசெய்துவிட்டு அதே திருகைத் திரும்பப் போட்டால் கொப்புளமும் திரும்ப வரும். திருகைக் கழற்றுங்கள். இறுகிப்போயிருந்தால் பலம் போட்டு முறிக்காமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டு, பிறகு சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் அலுமினியத்தைச் சூடாக்கித் திருப்புங்கள். திரும்ப மாட்டும்போது மரையில் இரண்டு உலோகமும் அரித்து இறுகாமல் தடுக்கும் பசை, தலைக்கடியில் நைலான் வாஷர், இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மெல்லிய நைலான் தகடு அல்லது சீலன்ட் படலம். துளையின் உள்சுவருக்கும் பிரைமர் தொட்டுவிடுங்கள். இதில் சேமிக்கும் பத்து நிமிடம் அடுத்த ஆண்டு இரண்டு நாள் வேலையாக வரும்.

விளிம்பிலும் மூலையிலும் மட்டும் இருந்தால், குறிப்பாகப் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு) போட்ட சாமானில், கூரான விளிம்பில் பூச்சு மெலிந்து பிளந்திருக்கும். அங்கிருந்து உப்பு அடியில் புழு ஊர்ந்தது போலக் கோடு கோடாகப் போகும். பவுடர் கோட்டிங்கை ஓர் இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டு நிறுத்தியதை நான் பார்த்ததில்லை. சின்ன சாமான் என்றால் முழுக்க உரித்து, விளிம்புகளை அரம் போட்டு மழுக்கி, எபாக்சியும் பாலியூரிதேனும் அடியுங்கள். அது அடிபட்டாலும் தொட்டுத் தொட்டுச் சரிசெய்யலாம். புதிதாகச் செய்யக் கொடுப்பதாக இருந்தால் நான் அனோடைஸ் (மின்சாரம் விட்டு அலுமினியத்தின் மேல் கெட்டியான ஆக்ஸைடு தோல் ஏற்றுவது) கேட்பேன், 25 மைக்ரான் என்று எழுதியே கொடுப்பேன். வெல்டிங்கும் துளையும் எல்லாம் முடிந்தபின் அனோடைஸ். முன்னால் செய்துவிட்டுப் பிறகு துளை போட்டால் போட்ட துளை அம்மணமாக நிற்கும்.

எங்கே பார்த்தாலும் கொப்புளம் என்றால் அடித்தவர் தாமதித்துவிட்டார். தேய்த்த அலுமினியத்தின் மேல் ஆக்ஸைடு உடனே படியத் தொடங்கிவிடும். காலையில் தேய்த்து, சாப்பிட்டு வந்து, மாலையில் பிரைமர் அடித்தால் பிடிக்காது. ஒரு மணி நேரத்தில் அடித்து முடிக்கக்கூடிய அளவு மட்டும் தேய்த்து, எபாக்சி பிரைமரை உடனே அடித்து, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

நீருக்கடியில் இருக்கும் அலுமினியத்தில், அதாவது வெளி எஞ்சின் காலிலோ அலுமினிய உடம்பிலோ குழி விழுந்திருந்தால் பாசி தடுப்புப் பெயின்ட்டில் செம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முழுவதும் எடுத்தே ஆக வேண்டும். குழியின் ஆழம் தகட்டின் பாதியைத் தாண்டியிருந்தால் பட்டி பார்த்து மூடாதீர்கள், அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 5: பித்தளை, வெண்கலம், குரோம்

பச்சைக் களிம்பு மட்டும் என்றால் விட்டுவிடலாம். செம்பில் களிம்பு கூடவே பிறந்தது என்று சித்தாந்தத்தில் சொல்வார்களே, அதுதான். நல்ல வெண்கலத்துக்கு அதுவே ஒரு போர்வை. பளபளப்பு வேண்டுமென்றால் குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளி வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். படகின் வெளியே இருக்கும் சாமானுக்கு லேக்கர் அடிக்க நான் சொல்லமாட்டேன். ஒரு கீறல் விழுந்தால் அடியில் கறுத்துக்கொண்டே போகும், முழுக்க உரித்தால்தான் சரியாகும். அறைக்குள் இருக்கும் விளக்கு, கடிகாரச் சட்டத்துக்கு லேக்கர் நிற்கும்.

பித்தளை மஞ்சளை விட்டு ரோஜா நிறமாக மாறியிருந்தால் கதை வேறு. அதில் இருந்த துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் பஞ்சு போல நிற்கிறது. கத்தி முனையால் அழுத்திச் சுரண்டுங்கள். உதிர்ந்தால் அதற்குப் பூச்சு கிடையாது. நீர்மட்டத்துக்குக் கீழே தண்ணீரை அடைக்கும் வால்வு ஒன்று இப்படி இருந்தால் படகை மேடேற்றிய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும்போது திருகிப் பார்த்து, அது கையோடு வந்துவிட்டால் படகு மூழ்கும். மாற்றும்போது வெண்கலம் போடுங்கள்.

குரோம் செதிளாக உரிந்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. மேலே தெரியும் குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, காப்பது அடியில் உள்ள நிக்கல். முலாம் பட்டறையில் திரும்பப் போடும் கூலியையும் அதே சாமான் 316-இல் என்ன விலை என்பதையும் கேட்டுப் பாருங்கள். பழைய படகின் அருமையான வார்ப்பு என்றால் முலாமுக்குக் கொடுக்கலாம், மற்றதற்கு இனாக்ஸ் வாங்குங்கள்.

## அறிகுறி 6: எதைப் பூசினாலும் நீருக்கடியில் நிற்கவில்லை

புரொப்பெல்லர், தண்டு, சுக்கான் சாமான்களில் பூச்சு கொப்புளித்தால் டப்பாவை மறந்துவிட்டு முதலில் ஜிங்க் கட்டிகளைப் பாருங்கள். தான் கரைந்து பக்கத்து உலோகத்தைக் காக்க மாட்டிவைக்கும் துத்தநாகக் கட்டிகள் அவை.

கட்டி கரையவே இல்லையென்றால் அது வேலை செய்யவில்லை. யாராவது அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கலாம். அதைச் சுரண்டி எடுங்கள், ஜிங்க் மேல் ஒரு துளி பெயின்ட்கூடப் படக் கூடாது. அடுத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் கட்டிக்கும் அது காக்க வேண்டிய உலோகத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். 1 ஓமைத் தாண்டினால் தொடர்பு சரியில்லை, போல்ட்டைக் கழற்றி இரண்டு முகத்தையும் பளிச்சென்று தேய்த்து மாட்டுங்கள். மூன்றாவது காரணம் எங்கள் பக்கம் அதிகம். தென்கிழக்குப் பெரிய ஆற்றின் அருவியைக் காட்டப் பயணிகளை ஏற்றிப்போகும் படகுகள் பாதி நேரம் ஆற்றுவாயில் கலங்கல் தண்ணீரில் நிற்கின்றன. கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்த இடத்தில் ஜிங்க் மேல் வெள்ளை ஓடு கட்டி அதைத் தூங்கவைத்துவிடும். அப்படிப்பட்ட படகுக்கு அலுமினியக் கட்டி போடுங்கள். மெக்னீசியம் நன்னீருக்கு மட்டும், கடலில் வேகமாகத் தீர்ந்துபோகும். வெவ்வேறு வகைக் கட்டிகளை ஒரே படகில் கலக்காதீர்கள்.

கட்டி பாதி கரைந்திருந்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. மாற்றிவிடுங்கள், பிறகு பூச்சைப் பற்றி யோசிக்கலாம்.

மாதக் கணக்கில் நிற்க வேண்டிய கட்டி வாரக் கணக்கில் காணாமல் போனால், அல்லது தண்டு திடீரென்று மணல் வீசித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தால், படகில் எங்கோ மின்சாரம் கசிகிறது. அடித்தளத் தண்ணீரில் கிடக்கும் பம்ப் ஒயரை முதலில் பாருங்கள். டேப் சுற்றிய மூட்டு தண்ணீரில் மூழ்கியிருந்தால் பெரும்பாலும் அதுதான். அதை வெட்டி, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு மூடி, உயரத்தில் கட்டிவைங்கள். பிறகு படகில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துப் பாருங்கள். எல்லாம் அணைந்த பிறகும் ஏதாவது ஓடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து எந்தக் கிளை என்று கண்டுபிடிக்கலாம். மீட்டரை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் கருகிவிடும்.

எந்தக் கிளை என்று பிடிபடவில்லையென்றால், அல்லது படகு கரை மின்சாரத்தில் இணைந்திருக்கும் துறையில் நின்றால், அங்கேயே நிறுத்திவிட்டுப் படகு மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கரை இணைப்பை உடனே பிடுங்கிவிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை படகைச் சுற்றி யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், அடியில் பாசி சுரண்டுகிறவரையும் சேர்த்துத்தான்.